காற்றில் உரிந்த இறகு

நடந்தது வரிசையாக இதுதான்.

1. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊர் பழைய நிலைக்குத் திரும்பிய வாரத்தில், நம் பட்டறையிலிருந்து ஒரு சிறு பெட்டி வேட்டை அம்புகள் மாதிரிக்காக வெளிநாட்டுக்குப் போயின.

2. அவற்றை வாங்குகிறவர் தன் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் பலகை நிறுத்தி எய்து பார்த்தார்.

3. பெரும்பாலானவை நேராகப் போயின. இரண்டு அம்புகளில் மட்டும், பறக்கும்போதே ஓர் இறகு உரிந்து விழுந்தது.

4. அவர் கோபமாக எதுவும் எழுதவில்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டிய ஒரு வீடியோவை அனுப்பி, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்.

5. அந்த மாதிரிகளோடு சேர்ந்து ஒட்டப்பட்ட மொத்தச் சரக்கும் அன்று கூடத்தில் பெட்டி கட்டித் தயாராக நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரி மறுநாள் காலை வருவதாக இருந்தது.

6. ஏற்றலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் நான்.

அம்புக்கு இறகு ஒட்டும் இந்த இறகு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த மேசையை விட்டு, அம்பின் தண்டு வெட்டும் பிரிவுக்குப் போகிறேன். தரம் பார்க்கும் பொறுப்பு உங்களில் ஒருவருக்கு வரும். பசை எவ்வளவு, இறகை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதையெல்லாம் கோமதி அக்கா செய்து காட்டுவார். அவற்றை எழுதிப் பயனில்லை. கையில் வர வேண்டியவை அவை. நான் எழுதுவது அந்த ஒரு நாளைப் பற்றி.

முதலில் ஒன்று. சங்கரன்கோவிலில் அம்பு செய்கிறோம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பழகிக்கொள்ளுங்கள். புளியங்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, “அம்பா? கோயில் பரிவேட்டைக்கா தாயி?” என்று கேட்டார். இல்லை, வெளிநாட்டில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு என்றேன். “அங்கன துப்பாக்கி கெடையாதாக்கும்?” என்றார். அதற்கு நான் சொன்ன பதில் புளியங்குடி வரை நீண்டது. இறங்கும்போது, “எதுக்கும் கவர்மெண்ட் வேலைக்கு எழுதிப் போட்டு வையி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் நாட்டில் வேட்டை குற்றம். நாம் செய்யும் அம்பு நம் கண் முன்னால் ஒரு விலங்கின் மேல் படுவதே இல்லை. அதனால் அதை ஒரு பொருளாக மட்டும் பார்க்கும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அதைக் கலைத்தது அந்த வீடியோ.

பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வளைகுடா நாடு ஒன்றில் விளையாட்டுச் சாமான் கடையில் பல வருடம் வேலை பார்த்தவர். வில் பிடிக்கக் கற்றதும் அங்கேதான். அவருடைய அறைக் கணினியில் இருவரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

நாணிலிருந்து விடுபடும் அம்பு நேராகப் போவதில்லை. நான் மெக்கானிக்கல் படித்தவள். அம்பின் வளைவைத் தாளில் வரைந்திருக்கிறேன், கணக்கும் போட்டிருக்கிறேன். அது வளையும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்த்ததில்லை. உயிருள்ள பாம்பு தண்ணீரில் நெளிவதுபோல அந்த உறுதியான தண்டு இடமும் வலமும் நெளிந்தது. இதுவா நேராகப் போகப் போகிறது என்று தோன்றியது. அப்போது பின்னால் இருந்த மூன்று இறகுகளும் காற்றைப் பிடித்தன. அம்பு மெல்லச் சுழலத் தொடங்கியது. சுழலச் சுழல நெளிவு அடங்கியது. பலகையை எட்டும்போது அது ஒரு கோடு போல இருந்தது. மூன்று இறகுகள், ஒரு பூவின் எடைகூட இல்லாதவை, அவ்வளவு பெரிய உதைப்பை வாங்கி அடக்கிவிட்டன.

அடுத்த அம்பிலும் அதே நெளிவு. சுழலத் தொடங்கும் நேரத்தில் ஓர் இறகின் முன்நுனி தூக்கிக்கொண்டது. பிறகு முழுதாக உரிந்து, அவசரமே இல்லாமல் தரைக்கு இறங்கியது. அம்பின் வால் ஒரு பக்கமாக வீசியது. அம்பு பலகையின் ஓரத்தில் சாய்வாகப் போய்க் குத்தியது.

அண்ணாச்சி வீடியோவை நிறுத்தினார்.

“எம்மா, இந்த லாரி போகலைன்னா அவங்க ஊர்ல வேட்டை சீசன் முடிஞ்சிரும். பொறவு இந்தச் சரக்கு அடுத்த வருசம் வரைக்கும் இங்கனதான் கெடக்கும். அவரு ஒருத்தர்தான் நமக்கு ஆர்டர் குடுக்குதாரு. இது போச்சுன்னா எறகு மேசைய நடத்த எனக்கு வழியில்ல.”

“தெரியும் அண்ணாச்சி.”

“அனுப்பவும் பயமா இருக்கு. நீ படிச்சவ. பசையா, தண்டா, எறகா, என்னன்னு பாத்துச் சொல்லு. நான் தலையிட மாட்டேன்.”

மேசையில் வேலை பார்க்கும் பெண்கள் யாருக்கும் அவர் சொல்லவில்லை. ஆனால் நான் பெட்டிகளைப் பிரித்து அம்புகளை வெளியே எடுத்தபோதே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மேசை போனால் திரும்ப விசைத்தறிக் கூடங்களின் இரைச்சலுக்குள் போக வேண்டியவர்கள் அவர்கள். பேச்சு குறைந்தது. கை மட்டும் ஓடியது.

எதிலும் சந்தேகப்பட வேண்டியவற்றை எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடிப்பது என் வழக்கம். அன்றும் அதைத்தான் செய்தேன். ஒவ்வோர் இறகின் முன்நுனியிலும் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். நன்றாக ஒட்டியிருந்தால் இறகு கிழியும், அதன் மயிரைத் தாங்கும் அடிப்பட்டை தண்டிலேயே நிற்கும். பெரும்பாலானவை அப்படித்தான் கிழிந்தன. இடையிடையே ஒன்று, வாழை மட்டையிலிருந்து நார் வருவதுபோல அடிப்பட்டையோடு முழுசாக வந்தது.

வந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பசை தண்டின் மேல் கெட்டியாக, ஒரு கோடாக நின்றது. ஆகவே தண்டில் குறையில்லை. பசை காய்ந்திருந்தது, அதிலும் குறையில்லை. விட்டது இறகின் பக்கம். நமக்கு வந்து சேர்ந்த இறகிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்து, பிரிக்காத கட்டிலிருந்து இறகுகள் எடுத்து நானே ஒட்டி இழுத்தேன். எல்லாமே கிழிந்தன. எதுவும் உரியவில்லை.

அதாவது, இறகு நம்மிடம் வரும்போது நன்றாக இருக்கிறது. கட்டிலிருந்து ஒட்டும் இடத்துக்குப் போவதற்குள் ஏதோ நடக்கிறது. நம் மேசையின் மேலேயே, எல்லோர் கண் முன்னாலும்.

“என்ன மேடம், காலைல இருந்து கோழி உரிக்கிற மாதிரி உரிச்சுக்கிட்டே இருக்கிய?” என்று கோமதி அக்கா கேட்டார். மேசையில் எல்லோருக்கும் மூத்தவர் அவர். இருக்கிற கலக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கேட்டாரோ என்னவோ.

“குழம்பு வைக்கத்தான் அக்கா.”

“வச்சா எங்களுக்கும் ஒரு கரண்டி குடுங்க. இன்னைக்கு எவளும் ஒழுங்காச் சோறு கொண்டு வரல.”

இங்கே இறகைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது. வேட்டை அம்பின் முனை அகலமான கத்தி. அதுவும் ஒரு சிறகு போலக் காற்றைப் பிடிக்கும், அம்பைத் தன் போக்கில் திருப்பப் பார்க்கும். அதனால் பின்னால் இருப்பவை அதைவிடப் பலமாகப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் நீளமான இறகு, சற்றுத் திருகி ஒட்டுவது. பிளாஸ்டிக்கில் செய்த இறகு மழைக்குத் தாங்கும். ஆனால் வில்லின் மேல் உரசினால் அம்பைத் தட்டிவிடும். இறகு உரசினால் படுத்து எழுந்துகொள்ளும். மூன்றும் வான்கோழியின் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும். இடது இறக்கையின் வளைவு ஒரு மாதிரி, வலதின் வளைவு அதற்கு எதிர். ஓர் அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று சுழற்றப் பார்க்கும், ஒன்று தடுக்கும். பறவை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் பறக்க முடியும். அம்பு ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டால்தான் பறக்க முடியும். இதை முதல்முறை கேட்டபோது ஓர் இறகைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். அதன் மயிரைக் கலைத்து விரலால் நீவினால் ஒன்றை ஒன்று கொக்கி போட்டு மறுபடி ஒரே பரப்பாகிவிடுகிறது. எந்த மெஷினும் அதைச் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த இறகைக் கிளிப் போன்ற ஒரு பிடியில் செருகி, அதிலுள்ள குறிக்குச் சரியாக நகர்த்தி, அடிப்பட்டையில் பசை தடவித் தண்டின் மேல் அழுத்துவோம். இவ்வளவுதான் வேலை.

சாப்பாட்டு நேரம் வந்தது. மாரி என்ற பெண்ணின் ரெக்சின் பையில் கைப்பிடி அறுந்திருந்தது. கோமதி அக்கா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, கோணி ஊசியில் நூல் கோத்துத் தைக்க உட்கார்ந்தார். ரெக்சின் தடிமன், ஊசி இறங்கவில்லை. ஊசியைத் தலைக்குக் கொண்டுபோய், வகிட்டோரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி குத்தினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் அம்மா செய்வார். நானும் செய்திருக்கிறேன். தலையில் தேங்காயெண்ணெய் இருக்கும் எந்த வீட்டிலும், ஊசி இறங்காவிட்டால் கை தானாகத் தலைக்குத்தான் போகும். பல்லைத் தேய்ப்பது போன்ற பழக்கம். அதனால்தான் கண்ணில் பட்டும் படாமல் போயிருக்கிறது.

“அக்கா, எறகையும் இப்படித் தேய்க்கிறீங்களா?”

யாரும் மறைக்கவில்லை. அப்படி ஒன்றைச் செய்கிறோம் என்றே அவர்கள் அதுவரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கோமதி அக்கா கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“புதுக் கிளிப்பு வந்ததுல இருந்துதான் மேடம். பழைய கிளிப்புல எறகு நல்லா நகரும். இது பல்லக் கடிச்ச மாதிரில்லா புடிக்குது. குறிக்கு நகர மாட்டேங்கு. அதான் அடியில லேசா எண்ணெய் காட்டுனா...” நிறுத்தினார். “எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“அக்காவ மட்டும் சொல்லாதிய மேடம்” என்றாள் மாரி. “நாங்களும்தான செஞ்சோம்.”

“எல்லா எறகுக்குமா?”

“இல்ல, சண்டித்தனம் பண்ணுத எறகுக்கு மட்டும்.”

காரணம் தெரிந்துவிட்டது: எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்கவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. புதுக் கிளிப் வந்த பிறகு ஒட்டியதுதான் மொத்தச் சரக்கும். அதில் எந்த இறகு சண்டித்தனம் பண்ணியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒட்டிய பிறகு பார்த்தால் எல்லா இறகும் ஒன்றுபோலத்தான்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

“ஒவ்வொண்ணையும் லேசா இழுத்துப் பாப்போம். வந்தத மாத்தி ஒட்டுவோம். நின்னத ஏத்திருவோம். நாளைக்குக் காலைக்குள்ள முடிச்சிரலாம்லா?”

முடித்திருக்கலாம். அதுதான் கஷ்டம். ஒரு நல்ல யோசனை போலவே இருந்தது அது. லாரியும் போகும், மேசையும் இருக்கும். நான் அவர் முன்னால் நின்று யோசித்தேன். லேசாக இழுத்தால், லேசாக இழுப்பதை அது தாங்கும் என்பது மட்டும்தான் தெரியும். கிழிகிற அளவுக்கு இழுத்தால் நல்ல இறகும் வீண். கொஞ்சமாக எண்ணெய் பட்டு, பாதி ஒட்டிப் பாதி ஒட்டாமல் நிற்கும் இறகு என் விரலுக்கு வராது. வில்லின் உதைப்புக்கு வரும். அங்கே குளிரிலும் பனியிலும் இன்னும் சீக்கிரம் வரும்.

வாங்குகிறவர் முன்பு ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்பு பட வேண்டிய இடத்தில் பட்டால், என்ன நடந்தது என்று தெரிவதற்குள் மான் விழுந்துவிடும். ஒரு சாண் தள்ளிப் பட்டால் ஓடிவிடும். அம்பைச் சுமந்துகொண்டே மேயும், தண்ணீர் குடிக்கும், பல நாள் கழித்து யாரும் பார்க்காத இடத்தில் சாகும். வேட்டை சரியா தவறா என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான்: அந்த ஒரு சாண் நம் மேசையில் தீர்மானமாகிறது.

“முடியாது அண்ணாச்சி. எல்லாத்தையும் உரிச்சு மறுபடி ஒட்டணும்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவர் மேசை பக்கம் பார்த்தார். அவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். “அப்போ நீயே போன் போட்டு அவருகிட்டச் சொல்லிரு” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அங்கே அப்போது காலை. வாங்குகிறவர் உடனே எடுத்தார். பசைக் கோளாறு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நான் கிளிப், ஊசி, தலையெண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார். மீன் பிடிக்கும் தூண்டில் கம்பின் துண்டுகள் ஒன்றில் ஒன்று இறங்காவிட்டால், நுனியை மூக்கோரத்து எண்ணெய்ப் பிசுக்கில் தேய்த்துத்தான் தானும் மாட்டுவதாகவும், தன் அப்பாவும் அப்படித்தான் செய்வார் என்றும் சொன்னார்.

சிரிப்பு முடிந்ததும் ஒன்று கேட்டார். எத்தனை அம்புகளுக்கு உன்னால் பயமில்லாமல் பதில் சொல்ல முடியும்?

இப்போது ஒன்றுக்கும் முடியாது, லாரி வரும்போது எவை முடிந்திருக்கின்றனவோ அவற்றுக்கு முடியும் என்றேன். சரி, அவற்றை மட்டும் அனுப்பு, அம்பு கிடைக்காத என் வாடிக்கையாளர்களை இந்த வருடம் பழைய அம்போடு போகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கச் சொல்கிறேன் என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது கோமதி அக்கா தலையில் துண்டைக் கட்டியிருந்தார். வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். எல்லோரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

“நான் ஒட்டுனதுல இருந்து ஆரம்பிப்போம்” என்று அக்கா ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கத்தியை எடுத்தார். அந்த மேசையிலேயே அவர் ஒட்டியவைதான் மிக நேர்த்தியாக இருக்கும். மூன்று இறகும் ஒரே திருகலில், அச்சில் வார்த்ததுபோல. அவற்றை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளினார். கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. நான் கிளிப்புகளைக் கழற்றி, அவற்றின் பல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இளக்கினேன். அந்த வேலை பிடித்தது கொஞ்ச நேரம்தான். புதுக் கிளிப் வந்த அன்றே யாராவது என்னிடம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இறுக்கமான ஒன்றை அவர்களே சமாளித்துக்கொள்வது இங்கே நல்ல வேலைக்காரிக்கு அழகு. இனி அது அழகில்லை என்று முடிவு செய்தோம்.

மறுநாள் காலை லாரி வருவதற்கு முன், அண்ணாச்சி எல்லோரையும் பின்பக்கக் கரிசல் காட்டுக்கு வரச் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெண்களில் ஒருவர்கூடத் தான் ஒட்டிய அம்பு பறப்பதைப் பார்த்ததில்லை. அண்ணாச்சி எய்து சோதிப்பது எப்போதும் நாங்கள் உள்ளே வேலையாக இருக்கும் நேரத்தில்.

முதலில், வேண்டுமென்றே ஓர் இறகை உரித்த அம்பை எய்தார். அகல முனை அதைத் தன் போக்குக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. பலகையைத் தாண்டி வரப்பில் போய்ப் புதைந்தது. மாரி ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மண்ணோடு இருந்த முனையைக் கோமதி அக்கா வாங்கிப் பார்த்தார்.

“இது மானு மேல போயிருந்தா?”

பிறகு அண்ணாச்சி இரவில் காய்ந்த ஒன்றை எடுத்தார். கோமதி அக்கா திரும்ப ஒட்டியது. நாண் அதிர்ந்த சத்தம் கேட்டது, பலகையில் தைத்த சத்தம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில், வெயில் படும் ஒரு கோடு. கண் அதைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்திருந்த எனக்குத் தெரியும், அந்தக் கண நேரத்துக்குள் ஒரு பாம்பு நெளிந்து, அடங்கி, நேராகியிருக்கிறது. பலகையின் நடுவில் இறகுகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒன்றும் அசையவில்லை.

கோமதி அக்கா பலகை வரை நடந்துபோய் அந்த இறகுகளைத் தொட்டுப் பார்த்தார்.

“வான்கோழி ஒரு சுவரத் தாண்டாது மேடம். அது எறக பாருங்க, என்ன போக்குப் போவுது.”

ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. எல்லோரும் உள்ளே போனோம்.

இப்போது நிலைமை இது. அந்தச் சீசனுக்குப் போனது சரக்கில் ஒரு சிறு பகுதி. அதில் ஒரு இறகும் உரிந்ததாகச் செய்தி வரவில்லை. மீதி அம்புகள் புது இறகோடு கூடத்தில், வெள்ளைப் பெட்டிகளில் இருக்கின்றன. அடுத்த வருட ஆர்டரை அவர் இன்னும் உறுதி செய்யவில்லை. வேலை குறைந்த மாதங்களில் மாரியும் இன்னும் இரண்டு பேரும் தறிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். நீங்கள் உட்காரப் போவது அவர்களுடைய நாற்காலிகளில். கிளிப் இறுக்கமாக இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், பக்கத்துக் கூடத்தில்தான் இருப்பேன். தலையில் கட்டும் துண்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.